வயித்துல கட்டு தெரியணுமா? முதல்ல கணக்கைப் போடுவோம்

இந்த எபிசோடை சென்னையில இல்ல, எங்க ஊர் படவேட்டுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி டக் டக்னு கேட்கிறது அப்பாவோட பட்டுத்தறி. அந்தச் சத்தத்தை எடிட்ல எடுத்துடலாம்னு பார்த்தேன், மனசு வரல.

போன வாரம் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்ல ஒரு மாத்திரை அட்டையோட போட்டோ அனுப்பினான். வயசு 19. "அண்ணா, காலேஜ் விழாவுக்கு மூணு வாரம்தான் இருக்கு. இதைப் போட்டா உடம்புத் தண்ணி வடிஞ்சு சிக்ஸ் பேக் பளிச்னு தெரியுமாம். வாங்கட்டுமா?"

அவனைத் திட்ட எனக்குத் தகுதி இல்ல. 2008-ல 'வாரணம் ஆயிரம்' சூர்யாவைப் பார்த்து வாய் பிளந்த கூட்டத்துல நானும் ஒருத்தன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நாலு மாசம் தினமும் 200 கிரஞ்சஸ் போட்டேன். கழுத்து வலிதான் மிச்சம்.

ஏன் வரலன்னு பார்ப்போம். நெஞ்செலும்பு, விலா எலும்புப் பக்கத்துல இருந்து இடுப்பெலும்பு வரைக்கும் 'ரெக்டஸ் அப்டாமினிஸ்'னு ஒரு தசை இறங்குது. நடுவுல நேரா ஒரு நார்க்கோடு. குறுக்கே பொதுவா மூணு நார்ப்பட்டைகள். இதுங்க பிரிக்கிற கட்டங்களைத்தான் பேக்னு சொல்றோம். எல்லாருக்கும் இது உண்டு. நாலா, ஆறா, எட்டாங்கிறது பிறப்புலயே முடிவாகிடும். மேல இருக்கிற கொழுப்புதான் அதை மறைக்குது. வயித்துக்கு மட்டும் பயிற்சி பண்ணி, வயித்துக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. உடம்பு முழுசா குறையணும், எங்க முதல்ல குறையும்னு நாம முடிவு பண்ண முடியாது.

ஆண்களுக்குக் கொழுப்பு சுமார் 10-12 சதவீதத்துக்கு வந்தாதான் கட்டம் நல்லாத் தெரியும். பெண்கள் உடம்புக்கு இயல்பாவே கூடுதல் கொழுப்பு தேவை. அதனால இதே எண்ணை அவங்க துரத்தக் கூடாது.

இப்போ தம்பியோட கணக்கு. எடை 70 கிலோ, கொழுப்பு 22 சதவீதம்னு வச்சுப்போம். தசை குறையாம 12 சதவீதத்துக்கு வர 8 கிலோ கொழுப்பு போகணும். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. தினமும் 400 கலோரி குறைச்சாலும் அஞ்சு மாசம் ஆகும். மூணு வாரத்துல? ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

'நான் ஒல்லிதானே'ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒண்ணு 2004-ல 'லான்செட்' இதழ்ல வந்தது. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ அதே 22.3. ஆனா கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்ம ஊர்ல ஒல்லியான உடம்புக்குள்ளயும் கொழுப்பு ஒளிஞ்சிருக்கும். அதனால எடையோட இடுப்புச் சுற்றளவையும் அளங்க. ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தாண்டாம பார்த்துக்கணும்.

அப்போ அந்த மாத்திரை? அது கொழுப்பைத் தொடவே தொடாது. சிறுநீரா தண்ணியையும், கூடவே சோடியம், பொட்டாசியத்தையும் வெளியேத்தும். பொட்டாசியம் தாறுமாறானா இதயத் துடிப்பே தடுமாறும். 1992-ல முகமது பெனாசிசாங்கிற உலகத்தர பாடிபில்டர் நெதர்லாந்துல ஒரு போட்டி முடிஞ்ச கையோட இறந்துபோனார். இந்த மாதிரி தண்ணி வத்த வச்சதுதான் காரணம்னு சொல்றாங்க. டாக்டர் சொல்லாம இதைத் தொடாதீங்க.

செய்ய வேண்டியது சலிப்பானதுதான். வாரத்துக்கு மூணு நாள் ஸ்குவாட், புஷ்-அப், புல்-அப். கூட பிளாங்க், தொங்கிக்கிட்டே கால் தூக்குறது. சோத்தைக் கொஞ்சம் குறைச்சு முட்டை, சுண்டல், பயறு, தயிரைக் கூட்டணும். நல்லாத் தூங்கணும்.

கடைசியா ஒண்ணு. எங்க அப்பா ஜிம் வாசலையே மிதிச்சதில்ல. குழித்தறியில உட்கார்ந்து கால் மிதிச்சே 30 வருஷம் ஓட்டினவர். சட்டையைக் கழட்டினா வயித்துல கோடு தெரியும். ஆனா ராத்திரியானா இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் இல்லாம அவருக்குத் தூக்கம் இல்ல. கோடு தெரியறது வேற, உடம்பு நல்லா இருக்கிறது வேற. இதையும் தம்பிகிட்ட சொன்னேன்.

ரொம்ப நேரம் பதிலே இல்ல. அப்புறம் வந்துச்சு: "சரிண்ணா, வாங்கல. அடுத்த வருஷ விழாவுக்குப் பார்த்துக்கலாம். புல்-அப் எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லிக்குடு."

நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.