கைப்பொருள் முன்னே, கணக்குப் பின்னே

சென்ற ஆண்டு தமிழ்மொழித்தினப் போட்டிக்காக மாணவர் ஒன்பதின்மரை வெளிமாவட்டம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. வான் வாடகை, இருவேளை உணவு, கூத்துக்கு வேண்டிய உடுப்புக்களின் வாடகை எல்லாமாகச் சேர்ந்து 38,000 ரூபாவரை சென்றது. "இப்போதைக்கு நீங்கள் கொடுத்துவிடுங்கள் ஐயா, பின்னர் எடுத்துக்கொள்ளலாம்" என்றனர். மாத நடுவிலே ஓர் ஆசிரியனிடம் அத்துணைத் தொகை இருப்பது அரிது. மனைவியின் காப்புகள் இரண்டும் வங்கிக்கு அடகு போயின. பிள்ளைகள் இரண்டாம் இடம் பெற்று மகிழ்ந்து மீண்டனர். யான் எழுதிக் கொடுத்த உறுதிச்சீட்டுக்கோ எவ்விடமும் கிடைக்கவில்லை.

முதன்முறை அது திரும்பியது வான்காரரின் பற்றுச்சீட்டிலே வாகன இலக்கம் இல்லையென்று. இரண்டாம்முறை திரும்பியது சாப்பாட்டுக்கடைச் சீட்டிலே முத்திரை இல்லையென்று. அச்சிறு கடையில் முத்திரை என்பதொன்று எக்காலத்தும் இருந்ததில்லை. மூன்றாம்முறை யானே நேரிற் சென்றேன். அங்கிருந்த எழுதுவினைஞர் என்னிடம் கற்றவர் அல்லர்; ஆயினும் எழுந்து நின்று கதிரை காட்டினார்.

"ஐயா, மார்கழி முப்பத்தொன்றோடு போன வருடக் கணக்கு முடிந்துபோயிற்று. இனி இந்த வருட ஒதுக்கீடு வரவேண்டும். குறை நினையாதேயுங்கோ."

"பிள்ளை, யான் குறை நினைக்கவில்லை. வங்கிதான் வட்டி நினைக்கிறது" என்றேன். அவரும் சிரித்தார். அவரிற் குற்றங் காண எனக்கு மனம் வரவில்லை. விதி எழுதியவர் ஒருவர், அதனைக் காப்பவர் இன்னொருவர், அதற்குக் காசு கட்டுபவர் மற்றொருவர்.

நிதிப்பிரமாணங்களிலே இதற்கு வழியே இல்லையென்று சொல்லுதல் கூடாது. ஒரு கருமத்துக்கென முன்னதாகவே கட்டுநிதி பெற்று, கருமம் முடிந்ததும் கணக்குக் காட்டித் தீர்க்கலாம். ஆயினும் அது பதவிநிலை உத்தியோகத்தர்க்கு உரியது. வகுப்பிலே நன்னூல் சொல்லிக் கொடுப்பவன் அவ்வரிசையிற் சேரான். ஆகவே மேலுள்ளவர் பிறர் காசை முன்னே பெற்றுப் பின்னே கணக்குக் கொடுப்பர். கீழுள்ளவன் தன் காசை முன்னே கொடுத்துப் பின்னே கணக்கோடு அலைவான்.

சொல்லாராய்ச்சி எம்போன்றாரின் தொழில் நோய். எசமான் வேலையாளுக்கு வேலைக்கு முன்னே கொடுப்பதற்கு முற்பணம் என்றொரு சொல் உண்டு. வேலையாள் எசமானுக்கு முன்னே கொடுப்பதற்கு என்ன சொல்? அலுவலகத்தார் இதனை 'மீளளிப்பு' என்பர். அது காசு திரும்புகின்ற நாளுக்குரிய பெயரேயன்றி, திரும்பாது கிடக்கின்ற நாட்களுக்குரிய பெயரன்று. கைமாற்று என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது. வட்டியும் இன்றி, கைச்சாத்தும் இன்றி, முகத்தை நம்பிக் கொடுப்பது அது. இங்கே கொடுப்பவன் மாதச் சம்பளக்காரன், வாங்குவதோ அரசாங்கம்.

இவ்வாறு அரசுக்குக் கைமாற்றுக் கொடுத்தோருள் தலையாயவர் ஒருவரைப் பற்றி, அடகுச்சீட்டைப் பார்க்குந்தோறும் எண்ணி வந்தேன். அவர் கேணல் கொலின் மக்கென்சி. தென்னாட்டு வரலாறு கற்பார் எவரும் அப்பெயரைக் கடந்து செல்லுதல் இயலாது. ஸ்கொத்லாந்தின் வடமேற்கேயுள்ள லூயிஸ் தீவிலே பிறந்து, 1783ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பனியின் படையிலே சேர்ந்து சென்னைக்கு வந்தவர். ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் இலங்கையைக் கைப்பற்றிய 1795, 1796ஆம் ஆண்டுப் போரிலே பொறியியலாளராக இங்கும் பணிசெய்தார். 1799இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தபின், மைசூர் நாட்டை அளக்கும் பெருவேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அளக்கவேண்டிய நிலம் ஏறக்குறைய 40,000 சதுர மைல்.

கம்பனி கேட்டது நிலப்படம். மக்கென்சியோ நிலத்தை அளந்ததோடு அமையாது, அந்நிலத்து மாந்தர் தம்மைப்பற்றி எழுதிவைத்தவற்றையும் தேடலானார். கோயிற் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, ஊர்க்கணக்கர் வைத்திருந்த வரலாற்றுக் குறிப்பு என்று கண்டதெல்லாம் திரட்டினார். அவர்தாம் இம்மொழிகளிற் புலமை பெற்றவரல்லர். காவலி வெங்கட போரய்யா என்னும் தெலுங்கு இளைஞரே அவருக்குக் கண்ணாயிருந்தார். போரய்யா 1803இல் இளமையிலேயே இறந்துபோக, அவர் தம்பி இலட்சுமய்யா அவ்விடத்தை ஏற்றார். ஊரூராகச் சென்று சுவடி தேடுவோர், படியெடுப்போர், மொழிபெயர்ப்போர் என ஒரு கூட்டமே இவர்கீழ் உழைத்தது. அவர்தம் சம்பளத்திலும் வழிச்செலவிலும், சுவடிக்குக் கொடுத்த விலையிலும் பெரும்பகுதி மக்கென்சியின் சொந்தப் பணம்.

கம்பனி அதனைத் தரமாட்டேன் என்று சொன்னதில்லை. அதுதான் இவ்விடயத்தின் நுட்பம். இலண்டனிலிருந்த இயக்குநர் சபை அளவை வேலையின் செலவை ஒரு பக்கம் குறைத்தது. மறுபக்கம் அவரது உழைப்பைப் பாராட்டிக் கடிதமும் எழுதியது. கடிதம் ஒன்று சென்னையிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இலண்டன் சேர ஆறு மாதம். மறுமொழி வர இன்னும் ஆறு மாதம். இடையிலே சபையார் யோசிக்குங் காலம் வேறு. கூலியாளோ மாதமுடிவிலே கைநீட்டி நிற்பான். அவனிடம் கப்பல் வரட்டும் என்று சொல்ல முடியாது. சுவடி வைத்திருப்பவனும் அவ்வாறே. இன்று வாங்காவிட்டால் நாளை அது செல்லுக்கிரையாகும், அன்றேல் ஆற்றோடு போகும். கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டும் என்றிருந்தால் அச்செல்வம் நமக்குக் கிடைத்திராது.

மக்கென்சி 1811இல் யாவாவுக்குப் படையோடு அனுப்பப்பட்டார். அங்கே ஓர் ஒல்லாந்த மாதை மணந்து மீண்டார். அவர் கடல்கடந்திருந்த காலத்தும் சென்னையிலே இலட்சுமய்யாவின் வேலை நின்றதில்லை. 1815இல் இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையாளராக உயர்ந்து, பின்னர் கல்கத்தாவிலே வாழலாயினார். பதவி உயர உயரச் செலவும் உயர்ந்தது. சேர்த்தவற்றை வகைப்படுத்தி அச்சேற்றும் ஓய்வு மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

இங்கே நம் நாட்டு வரலாற்றோடு தொடர்புடைய ஒருவர் வருகின்றார். 1811 முதல் 1819 வரை இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் சிறுபருவத்தை மதுரையிலே கழித்தவர். அக்காலந்தொட்டே மக்கென்சியை அறிந்தவர். தம் உழைப்பின் வரலாற்றை மக்கென்சி 1817இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதியது இவருக்கே. எவ்வாறு தொடங்கினேன், யார் துணைசெய்தனர், என்ன இடர்ப்பட்டேன் என்று வயது அறுபதைக் கடந்த ஒருவர் நண்பருக்கு எழுதிய கணக்கு அது. ஜோன்ஸ்ரன் இலண்டன் சென்றபின், முழுச் சம்பளத்தோடு அவருக்கு விடுமுறை அளித்து, சேகரிப்பை ஒழுங்குசெய்ய வழிவிடுமாறு கம்பனி இயக்குநரிடம் பேசினார். இசைவும் கிடைத்தது. அச்செய்தி பயன்படுமுன் 1821 மே 8ஆம் நாள் மக்கென்சி மறைந்தார்.

எஞ்சிய சேகரிப்பை ஆளுநர்நாயகம் ஹேஸ்ரிங்ஸ் பிரபுவின் காலத்திலே கம்பனி அவர் மனைவியிடமிருந்து 1,00,000 ரூபாவுக்கு வாங்கிற்று. ஏறத்தாழ 10,000 பவுண். மக்கென்சி தம் கையிலிருந்து செலவிட்டது 15,000 பவுணுக்கும் மேற்பட்டதென்று ஜோன்ஸ்ரன் 1832இல் பாராளுமன்றக் குழுவின் முன் கூறினார். இவ்விரு தொகைகளுக்கும் இடையேயுள்ள ஐயாயிரமும், முப்பதாண்டுக்கால வட்டியும் எவர் ஏட்டிலும் ஏறவில்லை. அன்றியும் இது மீளளிப்பாக வந்ததன்று, விலையாக வந்தது. தம் எசமானுக்குத் தாம் தேடிய பொருளை, இறந்தபின் மனைவி விற்கவேண்டியதாயிற்று.

1828இல் வில்சன் வெளியிட்ட விவரப்பட்டியலைப் பார்ப்பார்க்கு அச்செலவின் அளவு தோன்றும். இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218. இவற்றுள் தென்மொழிச் சுவடிகள் பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி, அங்குள்ள அரசினர் கீழைத்தேயச் சுவடி நிலையத்துக்கு அடித்தளமாயின. 'கொங்குதேச ராஜாக்கள்' என்ற நூல் 1950இல் அச்சேறியதும் அத்தொகுதியிலிருந்துதான்.

மக்கென்சிக்காவது ஒரு பகுதி வந்தது. இலட்சுமய்யாவின் நிலை வேறு. எசமானர் மறைந்தபின், விட்ட வேலையைத் தாமே தொடர்வதாக அவர் விண்ணப்பஞ் செய்தார். ஏறக்குறைய நாற்பதாண்டு அத்தொகுதியோடு வாழ்ந்த ஒருவர். 1836இல் கல்கத்தா ஆசியக் கழகத்தார் அதனை ஏற்கவில்லை; ஆராய்ச்சிக்கு ஓர் ஐரோப்பியரே தக்கவர் என்று கருதினர். சுவடிகளை ஆராயும் பணி பாதிரியார் வில்லியம் தெயிலரிடம் சென்றது. ஊரூராக நடந்த கால்களுக்கு உறுதிச்சீட்டு எழுத இலட்சுமய்யாவுக்கு வாய்ப்பே இருந்ததில்லை.

என் உறுதிச்சீட்டு இவ்வாண்டு பங்குனியிலே பணமாயிற்று. உணவுச் செலவு மட்டும், முத்திரை இன்மையால், வெட்டப்பட்டிருந்தது. காப்புகளை மீட்டபோது வங்கியார் வாங்கிய வட்டி 3,000 ரூபாவுக்குச் சற்று மேல். அதற்கு நிரல் எதுவும் படிவத்தில் இல்லை. மனைவி காப்புகளைத் திரும்ப அணிந்துகொள்ளவில்லை; பெட்டியில் வைத்துவிட்டார். "அடுத்த வைகாசி, ஆனியிலே திரும்பவும் போகத்தானே வேணும்" என்றார்.

இவ்வாண்டுக் கூத்துக்கு ஒத்திகை தொடங்கிவிட்டது. வான்காரர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். எரிபொருள் விலை ஏறியிருப்பதாகவும், இம்முறை பாதிப்பணம் முன்னே வேண்டுமென்றும் சொன்னார். வாகன இலக்கத்தை மறவாமல் எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டேன்.