ஷூவுக்குள் தேடும் சுகம்

ஓடும் கால்களுக்கு இன்சோல் அவசியமா? தங்க வயலில் எழும் கேள்விக்குப் பாதி விடை பக்கத்து வேலூரில் இருக்கிறது.

கோலார் தங்க வயலில் பலருக்குப் பொழுது இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. மாரிக்குப்பத்தில் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். ராணுவம், போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும், அப்பாவுக்குப் பின் பிள்ளைக்குச் சுரங்க வேலை என்ற நம்பிக்கை இங்கே முடிந்துபோனது. ராணுவத் தேர்வின் 1.6 கி.மீ. ஓட்டத்தில் சில விநாடிகள் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே தீர்மானிக்கின்றன.

எனவே ஷூ விஷயத்தில் யாரும் அலட்சியமாக இருப்பதில்லை. ஆனால் ஷூவின் விலையே கையைக் கடிக்கும்போது, உள்ளே வைக்க ஜெல் இன்சோல், வளைவு இன்சோல் என்று தனியாகவும் செலவழிக்க வேண்டுமா?

வலியில்லாமல் ஓடுபவருக்கு வேண்டாம் என்றே சொல்லலாம். 2017ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று 18 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. அதிர்வைத் தாங்க மட்டுமே செய்யப்பட்ட மெத்தென்ற இன்சோல்கள் காயங்களைக் குறைத்ததாகத் தெரியவில்லை. பாதத்தின் வடிவத்துக்கேற்ப அமைந்த 'ஆர்த்தோசிஸ்' வகை மட்டும் காயங்களை 28 சதவீதம் குறைத்தது. அந்தப் பரிசோதனைகளில் பலவும் கடும் பயிற்சியில் இருந்த ராணுவத்தினரிடம் நடத்தப்பட்டவை.

2001ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். 206 ராணுவத்தினரிடம் ஆறு வகை இன்சோல்களைக் கொடுத்து, சுகமாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தாமே தேர்ந்தெடுத்ததை அணிந்தவர்களுக்கு வலியும் எலும்பில் நுண்விரிசலும் குறைவாக இருந்தன. எல்லோருக்கும் பொருந்தும் இன்சோல் என்று ஒன்று கிடையாது. அவரவர் பாதம்தான் நீதிபதி.

அளவுக் கோளாறு வேறு கதை. சிறிய ஷூவுக்குள் இன்சோலை வைத்தால் இருக்கிற இடமும் போய் விரல்கள் நெரிபடும். பழைய இன்சோலை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைப்பவர்களுக்குக் குதிகால் மேலெழும்பி, ஓடும்போது ஷூவை விட்டு நழுவும். சற்றே தொளதொளவென்றிருக்கும் ஷூவில் மெல்லிய இன்சோல் இடைவெளியை நிரப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், ஓடும்போது போடும் சாக்ஸுடனேயே ஷூவைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரு பாதங்களும் ஒரே அளவில் இல்லையென்றால் பெரிய பாதத்துக்கே ஷூ.

தட்டைப் பாதம் உள்ளவர்கள் கூடுதலாக ஏமாறுகிறார்கள். ராணுவ மருத்துவப் பரிசோதனையில் தட்டைப் பாதம் நிராகரிப்புக்கு ஒரு காரணம். இன்சோல் வைத்து ஓடினால் வளைவு வந்துவிடும் என்று நம்புவது வீண். அது பாதத்தைத் தாங்கும். பாதத்தின் அமைப்பை மாற்றாது. வலி இல்லாத தட்டைப் பாதத்துக்குச் சிகிச்சையும் தேவையில்லை. ஓடும்போது குதிகாலோ கணுக்காலோ தொடர்ந்து வலித்தால் கடைக்காரரை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்ப்பதே முறை.

பாதமே நீதிபதி என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கண்டறிந்த ஊர்களில் முக்கியமானது வேலூர். தங்க வயல் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகமான பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் அது. 1946ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களை ஆராய்ந்தார். சதை தானாக அழுகவில்லை. உணர்ச்சி மரத்துப்போன பாதம், அழுத்தத்தை உணராமல் மீண்டும் மீண்டும் அடிபட்டே புண்ணானது. மற்றவர்கள் வலித்ததும் காலை மாற்றி வைப்பார்கள். இவர்களுக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. கடைகளில் எம்.சி.ஆர். என்று வழங்கும் நுண்துளை ரப்பர் செருப்புகள் இத்தகைய பாதங்களுக்குத்தான் துணையாயின. ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தை அவை பாதம் முழுவதும் பரப்புகின்றன.

இன்று அதே செருப்பு நீரிழிவு நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவர்களில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இறுக்கமான ஷூவும் சுகமாகவே தோன்றும். கொப்புளம் புண்ணாகும், புண் முற்றினால் காலையே எடுக்க நேரலாம். இவர்களுக்கு இன்சோல் மருந்துக்குச் சமம். மருத்துவர் பார்த்துச் சொன்னதையே அணிய வேண்டும்; தினமும் இரவில் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

தங்க வயலில் ஒரே வீட்டில் இரண்டு ஜோடி கால்கள் இருக்கலாம்: தேர்வுக்கு ஓடும் மகனுடையது, சுரங்கத்தில் நின்று ஓய்ந்த, சர்க்கரை நோயுள்ள அப்பாவுடையது. மகனுக்குச் சரியான அளவில் ஷூ கிடைத்தால் போதும். இன்சோலுக்கு ஒதுக்கிய பணம் அப்பாவின் செருப்புக்குப் போகட்டும்.