இருபத்தேழாம் கட்டம்

மகளின் பிரசவத்தை முன்னிட்டு இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சந்தையூரில் நாலு மாத காலம் தங்கியிருந்தபோது, பேத்தி உறங்கும் வேளையில் வீட்டில் ஓசைப்படாமல் இருப்பதற்கு ஒரே உபாயம் வெளியே போய்விடுவதுதான் என்று கண்டு, மாலை தோறும் நான் நடக்கத் தொடங்கினேன். அப்படிப் போன ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் தேவாலயத்தை அடுத்த ஒரு கூடம். உள்ளே முப்பது பேர் இருக்கலாம், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், நீண்ட மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைப் போலத் தாள்களின்மேல் குனிந்திருந்தார்கள். வாசலில் இருந்த மூதாட்டி என் பெயரைக் கேட்கவில்லை, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்ல நாணி, "என் முப்பாட்டனாரை" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யினால் அவ்வூர்க் குடும்ப சரித்திரச் சங்கத்தில் அங்கத்தினனாகி, ஊர் திரும்பும் வரையில் ஒரு கூட்டத்தையும் விடாமல் போய்வந்தேன்.

வம்சாவளி ஆராய்ச்சி என்றால், தமக்கு ஒரு பிரபுவோ ஒரு தளபதியோ பாட்டனாக வாய்க்கமாட்டானா என்ற சபலத்தில் செய்கிற காரியம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். முற்காலத்தில் அது அப்படித்தான் இருந்தது. நிலமும் பட்டமும் உடையவர்களுக்கே வம்சமும் உண்டு என்று கருதப்பட்டது. 1911-இல் லண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டதும், 1960-களுக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஊர்தோறும் இத்தகைய சங்கங்கள் முளைத்ததும், 1974-இல் அவையெல்லாம் கூடி ஒரு சம்மேளனம் அமைத்துக்கொண்டதும் அந்த நிலையை அடியோடு மாற்றிவிட்டன. நான் போன சங்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், மருத்துவமனைத் தாதியாக இருந்தவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் இருவர். அவர்கள் தேடிப் பிடித்து வைத்திருந்த மூதாதையரோ ஏர் ஓட்டினவர்களும், செங்கல் அறுத்தவர்களும், ஒரு முயல் திருடிய குற்றத்துக்காகச் சிறை போனவரும். பிரபு ஒருவரும் அகப்படவில்லை. அதற்காக எவரும் வருந்தியதாகவும் தெரியவில்லை.

அத்தேசத்தில் இந்தக் காரியம் சாத்தியமாவதற்கு ஒரு பழைய அரசாங்கக் கட்டளையே மூலகாரணம். எட்டாம் ஹென்றியின் மந்திரியாக இருந்த தாமஸ் கிராம்வெல், 1538-ஆம் ஆண்டில், ஒவ்வொரு சேகரத்துக் குருவானவரும் தம் ஆலயத்தில் நடந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுதிவரவேண்டும் என்று விதித்தார். அறுபது வருஷம் கழித்து, காகிதத்தில் எழுதியவை செல்லரித்துப்போவதைக் கண்டு, பழைய பதிவுகளையெல்லாம் ஆதிமுதல் தோற்சுவடியில் பெயர்த்தெழுத வேண்டும், விசேஷமாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 1558 முதலாவது எழுதியாக வேண்டும், என்று இன்னோர் உத்தரவு பிறந்தது. அந்த 'விசேஷமாக' என்ற ஒரு சொல் செய்த அநர்த்தத்தை என்னவென்று சொல்வது! எழுத அலுத்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டு 1558-இல் ஆரம்பித்துவிட்டார்கள்; அதற்கு முந்திய இருபது வருஷங்களில் பிறந்தவர்களும் மணந்தவர்களும் மாண்டவர்களும் எத்தனையோ ஊர்களில் ஏட்டைவிட்டே போய்விட்டார்கள். 1837-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து அரசாங்கமே ஜனன மரணப் பதிவை ஏற்றுக்கொண்டது.

பதிவு இருந்துவிட்டால் போதுமா? அதைப் படிக்கத் தெரியவேண்டும். எனக்குக் கற்பித்த முதற்பாடத்தை இங்கே சொல்கிறேன். காரியதரிசி ஒரு பதிவேட்டின் நகலை என் முன் வைத்தார். அதில் ஒரு தம்பதிக்கு 1723-ஆம் ஆண்டு மே மாதம் விவாகம். அவர்களுடைய குழந்தைக்கு அதே 1723-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஞானஸ்நானம். "என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். தோன்றியதை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டு, "நீங்கள் நினைப்பதையே இங்கே வருகிற எல்லோரும் நினைக்கிறார்கள், அந்தப் பெண் குற்றமற்றவள்" என்றார். அக்காலத்து இங்கிலாந்தில் வருஷம் பிறப்பது ஜனவரி முதல் தேதியில் அன்று, மார்ச் 25-ஆம் தேதியில். ஆகையால் 1723-ஆம் ஆண்டின் பிப்ரவரி அதே ஆண்டின் மே மாதத்துக்கு ஒன்பது மாதம் பின்னால் வருவது. ஜனவரியில் வருஷம் தொடங்கும் வழக்கம் 1752-இல்தான் அங்கே சட்டமாயிற்று. அந்த வருஷமே செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாளை 14-ஆம் தேதியாக்கிப் பதினொரு நாளை விழுங்கியும்விட்டார்கள். சித்திரையில் வருஷம் பிறக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு இது உடனே விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை.

இரண்டாவது பாடமும் அவமானத்தில்தான் கிடைத்தது. பழைய பதிவுகளைப் படித்துப் பெயர் அகராதி தயாரிப்பது சங்கத்தின் நித்திய கைங்கரியம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்கமாட்டார்கள். எனக்கும் இரண்டு பக்கம் கொடுத்தார்கள். ஜே, என், ஓ என்று மூன்றே எழுத்தாக வந்த ஒரு பெயரை நான் ஜோனத்தான் என்று விரித்து, நாற்பது இடங்களில் அப்படியே எழுதி, பெருமிதத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்த்த தாதியம்மாள் ஒன்றும் பேசாமல் நாற்பதையும் அடித்துவிட்டு ஜான் என்று எழுதினார். அது ஜான் என்பதன் பழைய சுருக்கமாம். ஒரே நிமிஷத்தில் நாற்பது பேருக்கு நான் பேர் மாற்றியிருந்தேன். இதற்காகத்தான் சங்கத்தில் பேனா எடுப்பதில்லை, பென்சில்தான். மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எங்களைப் பஸ்ஸில் அழைத்துப்போனபோதும், மைப்பேனாக்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பென்சிலோடுதான் உள்ளே விட்டார்கள். நானூறு வருஷத்து ஏட்டில் ஒரு சொட்டு மை விழுந்தால் யார் ஈடு செய்வது?

கோடையில் ஞாயிறு தோறும் கல்லறைத் தோட்டத்தில் வேலை. மழையிலும் பனியிலும் எழுத்து மழுங்கிய கல்லைச் சுண்ணக்கட்டியால் தேய்ப்பதோ கம்பித்தூரிகையால் சுரண்டுவதோ மகாபாபம். தபால்காரர் கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதனால் வெயிலைப் பிடித்துக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்து விடுவார். அதுவரை வெறும் பாசி படர்ந்த பலகையாக இருந்த கல்லில், எழுத்தின் பள்ளங்கள் நிழல் கட்டி, ஒரு பெயரும் ஒரு வயதும் மெல்ல எழுந்து வரும். கண்ணாடியைத் திருப்பினால் மறுபடி மறைந்துவிடும். உள்ளது உள்ளபடி, பிழை இருந்தால் பிழையோடு, எழுதிக்கொள்வார்கள். அழிந்த எழுத்தை ஊகித்து நிரப்புவதில்லை. கல் இருக்கும் இடத்தில்தான் உடல் இருக்கிறது என்றும் கொள்ளலாகாது என்றார் காரியதரிசி. அது எனக்குத் தெரிந்த சங்கதி. சென்னைக் கோட்டையில் 1680-இல் எழுந்த பரிசுத்த மேரி ஆலயத்தைச் சுற்றித் தளமாகப் பாவியிருக்கும் கல்லறைக் கற்கள், பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து வந்தவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர் அங்கிருந்த சமாதிகளை அரணாகக் கொண்டு சுட்டதன் விளைவாகவே அவை பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. இதை நான் சொன்னபோது, இந்தியாவிலிருந்து வந்தவனுக்குக் கிடைத்த மரியாதையில் அன்றைக்கு இரண்டு கோப்பைத் தேநீர் அதிகம்.

ஜனத்தொகைக் கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். 1841-ஆம் ஆண்டுக் கணக்கு பென்சிலால் எழுதப்பட்டது. 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னதால், 39 வயதுக்காரர் அதில் 35 ஆகிவிடுவார். 1851 முதல் இன்னாருக்கு இன்னார் என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பதும் சேர்ந்தது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கு, 1942-இல், பகைவர் குண்டினால் அன்று, வெறும் தீ விபத்தில் முழுவதும் எரிந்துபோயிற்று. இவற்றுள் 1911-ஆம் ஆண்டுக் கணக்குக்கு ஒரு தனிச் சிறப்பு. அதில்தான் முதன்முதலாகக் குடும்பத் தலைவர்கள் தம் கைப்பட எழுதிய தாள்களே காக்கப்பட்டிருக்கின்றன. மணமான பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவை எத்தனை, இறந்தவை எத்தனை என்று அதில் ஒரு கேள்வி. தபால்காரர் தம் பூட்டனார் எழுதிய தாளின் நகலை எனக்குக் காட்டினார். அவர் மனைவியை இழந்தவர். அந்தக் கேள்விக்கு அவர் விடை எழுதவேண்டியதே இல்லை. ஆயினும் பதினொன்று, ஆறு, ஐந்து என்று எழுதியிருந்தார். விதிக்குப் புறம்பென்று உத்தியோகஸ்தர் ஒருவர் குறுக்கே கோடு இழுத்திருக்கிறார். கோட்டுக்கு அடியில் எண்கள் நன்றாகத் தெரிகின்றன.

ஏழைகளுக்குச் சரித்திரம் ஏது என்பார்கள். அங்கே நான் கண்டது நேர்மாறு. 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிழைப்புக்காக வேற்றூர் போனவன் அங்கே பிச்சைக்கு நின்றுவிடுவானோ என்று அஞ்சிய ஊரார், அவனை நீதிபதிகளின் முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எத்தனை குழந்தைகள் என்றெல்லாம் விசாரித்து எழுதிவைத்து, அவனுக்குரிய ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கருணையற்ற அந்த விசாரணையின் புண்ணியத்தால் அந்தப் பரம தரித்திரனின் வாழ்க்கை முழுவதும் இன்று ஒரு தாளில் கிடைக்கிறது. ஒருவரிடமும் கடன் வாங்காமல், ஒரு வம்புக்கும் போகாமல், கௌரவமாக வாழ்ந்து மறைந்தவனைப் பற்றித்தான் மூன்று வரிக்குமேல் அகப்படுவதில்லை.

தேடியதை எழுதிவைக்க ஓர் எண்முறை இருக்கிறது. 1676-இல் சோசா என்ற ஸ்பெயின் தேசத்தவரும், 1898-இல் ஸ்ட்ரடோனிட்ஸ் என்ற ஜெர்மானியரும் கையாண்டு வழங்கச் செய்தது. தாம் 1, தந்தை 2, தாய் 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தையின் எண், அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 பேர். முப்பது தலைமுறை போனால் நூறு கோடிக்கு மேல். அத்தனை ஜனம் அக்காலத்தில் பூமியிலேயே இல்லை! அதாவது, ஒரே பாட்டனும் பாட்டியும் பல வழிகளில் பல கட்டங்களில் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறார்கள். எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். நம்மில் குடும்பப் பெயர் என்பது இல்லை, தந்தையின் பெயர்தான் தலைப்பெழுத்து, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்றதும், "பிறகு எப்படித்தான் தேடுவது?" என்று காரியதரிசி திகைத்துப்போனார். பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் எங்களில் பேரனுக்குப் பெயரன் என்று பெயர், ஆகவே ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்பி வரும் என்று நான் விளக்கியதை, பயனுள்ள குறிப்பு என்று தம் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

என்னை முதல் நாள் வாசலில் வரவேற்ற மூதாட்டிக்கும் எனக்கும் ஒரு பாந்தவ்யம் ஏற்பட்டது, காரணம் பரங்கிமலை. அவருடைய தாயின் தந்தையைப் பெற்றவள், அதாவது 13-ஆம் எண்ணுக்குரியவள், 1854-இல் பரங்கிமலையில் ஞானஸ்நானம் பெற்றவள். சென்னை ராஜதானியின் ஆலயப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்த நகலில், தந்தை சென்னைப் பீரங்கிப் படையில் சிப்பாய், தாய், மேரி. அவ்வளவுதான், மேரிக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆகவே மேரி ஒரு தமிழ்ப்பெண் என்று மூதாட்டி நிச்சயித்து, 27-ஆம் கட்டத்தில் அப்படியே எழுதியும் வைத்திருந்தார். அத்தகைய விவாகங்கள் அங்கே நடந்தவைதாம். பரங்கிமலை எனக்குத் தெரிந்த ஊர். மேரியை எங்களவளாக ஏற்றுக்கொள்ள எனக்கும் ஆட்சேபம் இல்லை.

காரியதரிசிக்குத்தான் ஆட்சேபம். அதே காலத்து இங்கிலாந்துப் பதிவேடுகள் மூன்றை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தார். ஒன்றிலும் தாய்க்குக் குடும்பப் பெயர் இல்லை. 1813 முதல் வழங்கிய அச்சுப் படிவத்தில் தாயின் பிறந்தகத்துப் பெயருக்கு இடமே கிடையாது. விவாகப் பதிவைத் தேடினால் தெரியாதா என்றேன். தேடியிருந்தார்கள். அந்தச் சிப்பாயின் பெயர் நம் ஊரில் முத்துசாமி என்பதைப் போல மலிந்த பெயர். அதே படையில் அதே பெயரில் இருவர். இருவரும் மணந்தது மேரி என்ற பெண்ணைத்தான். ஒருத்தியின் தந்தை ஒரு சார்ஜன்ட். மற்றவளின் தந்தை பெயருக்குரிய இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. இவள் எந்த மேரி? மரபணுப் பரிசோதனை ஏதாவது சொல்லலாம். மூதாட்டி அதற்கு இசையவில்லை. சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரப்பரை எடுத்து, மேரி என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தார்.

பிறகு என் தாளைப் பார்த்தார். முப்பாட்டனாரின் கட்டம் 8. அடுத்த 9 வெறுமையாக இருந்தது. முப்பாட்டியை எங்கள் வீட்டில் 'ஆலங்குடி ஆத்தா' என்றுதான் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதையே எழுதினேன்.

"இது பெயரா, ஊரா?" என்று கேட்டார் காரியதரிசி.

"ஊர், அவர் பிறந்த ஊர். பெயர் ஒருவருக்கும் தெரியாது."

"அப்படியானால் பெயருக்கு உரிய வரியில் எழுதாதீர்கள், ஊருக்கு உரிய வரியில் எழுதுங்கள்."

ரப்பருக்காக நான் கை நீட்டினேன். அதைக் கொடுத்தபடியே, "ஊராவது இருக்கிறதே" என்றார் மூதாட்டி.