தோளில் இறுகும் தலையிடி

ரொறன்ரோவில் பனி வழித்த மறுநாள் ஒற்றைத் தலையிடி வந்தால், தோள் பிடித்ததால்தான் தலை இடிக்கிறது என்று சொல்லிச் சித்தாலேப பூசிக்கொண்டு படுக்கிறோம். பல வேளைகளில் விஷயம் நேர்மாறானது. தோளை இறுக்குவதே அந்த ஒற்றைத் தலையிடி, அதாவது மைக்கிரேன்தான்.

முகத்திலும் தலையிலும் எழும் வலியைக் கடத்தும் முக்கிளை நரம்பும் மேல்கழுத்து நரம்புகளும் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. வலி எங்கிருந்து வந்தது என்று அங்கே சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் தலைக்குள் தொடங்கும் வலி கழுத்திலும் தோளிலும் தெரிகிறது. தலையிடி தொடங்கச் சில மணிநேரம் முன்பே கழுத்து இறுகுவதும் நோயின் முதற்கட்டமாக இருக்கலாம். மைக்கிரேன் உள்ளவர்களிடம் குமட்டலைவிடக் கழுத்துவலியே அதிகம் என்று 2010இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

கையும் தப்புவதில்லை. ஹார்வர்டின் ராமி பர்ஸ்டைன் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், மைக்கிரேன் உள்ள 42 பேரில் 33 பேருக்குத் தலையிடியின்போது தோலில் படும் சாதாரணச் சூடு, குளிர், அழுத்தம்கூட வலித்தன. சிலருக்கு அது முன்கைவரை பரவியது. தலை சீவவே முடியாது என்று அம்மாமார் சொல்வது சாட்டு அல்ல. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழக ஆய்வுகள், மைக்கிரேன் உள்ள பெண்களின் கழுத்துத் தசைகளில் பலக்குறைவைக் கண்டன. கழுத்து ஊன்றி நிற்காவிட்டால் தோளும் விரைவில் களைக்கலாம். நாள் முழுக்கக் கை உயர்த்திப் பெட்டி அடுக்குபவருக்கு அது பிழைப்பைத் தொடும் பிரச்சினை.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி வரும் மைக்கிரேன் நோயாளருக்கு, கனடா 2011இல் பொட்டொக்ஸ் ஊசியை அங்கீகரித்தது. அது போடப்படும் 31 இடங்களில் ஆறு, கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசையில் உள்ளன. ஆனால் கழுத்தையும் தோளையும் பலப்படுத்தும் பிசியோதெரப்பிச் செலவை, உழைக்கும் வயதினர் பெரும்பாலோருக்கு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஏற்பதில்லை. அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்பதால் இதை அநியாயம் என்றே சொல்வேன்.

குடும்ப வைத்தியரிடம் போகும்போது தலையை மட்டும் சொல்லாதீர்கள். தோள் எப்போது இறுகியது, கை எந்த வேலைக்குச் சோர்ந்தது, மாதத்தில் எத்தனை நாள் வலிமாத்திரை எடுத்தீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். சாதாரண மாத்திரையையே மாதம் 15 நாள் எடுத்தால் அதுவே தலையிடியைக் கூட்டலாம். ஒரு கை திடீரென்று பலமிழந்தாலோ பேச்சுக் குழறினாலோ, மைக்கிரேன் என்று காத்திராமல் உடனே 911ஐ அழையுங்கள்.