கடலோரத்து ஊரும் சனிக்கிழமை மீனும்

  

வானையும் மண்ணையும் கடலையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனது அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இமாமாக இருப்பவரிடம் ஒரு கேள்வி வரும். "ஹஜ்ரத், ஆவுளியா இறைச்சி ஹலால்தானே? பிறகு ஏன் பிடிக்கக் கூடாது என்கிறார்கள்?" கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பெரியவர்களில் சிலர் அந்த இறைச்சியின் ருசியை இன்னும் மறக்கவில்லை. ஆகவே இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்காமல் பதில் சொல்வதே முறை.

முதலில் சட்டம். அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையை நமக்கு ஆகுமாக்குகிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி கடலில் மட்டுமே வாழும் பிராணி, மீனின் வடிவில் இல்லாவிட்டாலும், உண்ணத்தக்கது. ஹனஃபி மத்ஹபிலோ மீனினம் மட்டுமே ஆகும். ஆவுளியா குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. அதை மீன் என்று சொல்ல முடியாது. எனவே ஹனஃபிகளுக்கு இக்கேள்வியே எழாது. கடலாமை இரு மத்ஹபுகளிலும் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஹலால் என்பது அனுமதி. எப்போதும், எவ்வளவும், எவ்விதமும் பிடித்துக் கொள்ளுங்கள் என்ற கட்டளை அதில் இல்லை. அதே வசனம், இஹ்ராமில் இருக்கும் காலமெல்லாம் தரை வேட்டையைத் தடுத்துவிடுகிறது. மான் ஹலால்தான், ஆயினும் ஹாஜி அதைத் தொடக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவைப் புனித எல்லையாக அறிவித்து, அங்குள்ள மரங்களை வெட்டவும் பிராணிகளை வேட்டையாடவும் தடை விதித்தார்கள். ஆகுமான ஒன்றை, ஓரிடத்தில் அல்லது ஒரு காலத்தில், விட்டுவைப்பது நம் மார்க்கத்துக்குப் புதிதன்று.

நம் கண்ணெதிரே இருக்கும் மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்து நின்ற சுவர் போனது. அலை தீவைக் கொண்டு போனது. எந்தச் சூறாவளி மீதும் பழி போட்டுத் தப்ப முடியாது. மனிதர்களின் கைகள் சம்பாதித்ததால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியதாக அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் உணர்த்துகிறதே, அதன் விளக்கத்தை நாம் தஃப்ஸீர் நூலில் மட்டும் தேட வேண்டியதில்லை.

ஆவுளியாவின் கதையும் இதுவே. அது ஆழமற்ற கடலில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் சூல் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று ஆண்டுகளிலிருந்து ஏழு ஆண்டுகள் வரை ஆகும். ஒரு தாயை வெட்டினால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை காலம் பிடிக்கும் என்று நீங்களே கணக்கிடுங்கள். அது மேயும் புல்வெளிதான் மீன்குஞ்சும் இறாலும் வளரும் தொட்டில். அந்தப் புல்வெளியை இரட்டைமடி கொண்டு வழித்தால் ஆவுளியாவுக்கு மேய்ச்சல் போகிறது. நம் பிள்ளைகளின் வலைக்கும் மீன் இல்லாமல் போகிறது. 2022இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது.

சகோதரர்களே! அல்அஃராஃப் அத்தியாயத்தின் 163ஆம் வசனம் முதல் வரும் வரலாற்றைக் கடற்கரை மக்களாகிய நாம் எல்லாரையும்விடக் கவனமாகக் கேட்க வேண்டும். அதுவும் கடலோரத்து ஊர்தான். சனிக்கிழமை மட்டும் மீன் பிடிக்காதீர்கள் என்பது அவர்களுக்கிட்ட கட்டளை. அந்த நாளில்தான் மீன்கள் திரளாக மேலே வந்தன. அவர்கள் முதல் நாளே வலை விரித்துவைத்து, மறுநாள் எடுத்துக்கொண்டு, "நாங்கள் சனிக்கிழமை பிடிக்கவில்லையே" என்று சொன்னதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள், மீறியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பேசாமல் இருந்தவர்களின் முடிவு என்ன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மிம்பரில் நிற்கும் எனக்கு அந்தக் கருத்து வேறுபாடே அச்சமூட்டுகிறது.

நமக்கும் ஒரு சனிக்கிழமை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் சினைபிடிக்கும் காலம் அது.

கடல் அட்டை விஷயத்தில் மனக்குறை அதிகம் என்பதை அறிவேன். 2001இல் அது பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் திகைத்து நின்றன. இலங்கையில் அனுமதிச் சீட்டுடன் எடுக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் முழுத் தடை என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மனுக் கொடுங்கள், நீதிமன்றம் செல்லுங்கள், அது உரிமை. ஆனால் இரவில் படகேற்றிக் கடத்துவது அந்த ஊரார் முதல் நாளே விரித்த வலை. பிடிபட்டுச் சிறை செல்வது யார்? சம்பளத்துக்குப் போன இளைஞர், முதலாளி அல்லர். மணலை உண்டு கடலடியைத் தூய்மையாக்கும் அட்டை போனால் கடற்புல்லும் நலியும் என்பது வேறு.

வீட்டில் இருக்கும் தாய்மார்கள் இதெல்லாம் ஆண்களின் கடல் விவகாரம் என்று எண்ண வேண்டாம். ஒரு வலீமா முடிந்த மறுநாள் நம் தெருச் சாக்கடையைப் பாருங்கள். தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருந்தும், டம்ளரும் பையும் மழை நீரோடு கடலுக்கே போகின்றன. நம் முன்னோர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து சேர்ந்து உண்டார்கள். அதில் பரக்கத்தும் இருந்தது, குப்பையும் இல்லை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பது நாம் அறிந்த நபிமொழியின் கருத்து. அறுந்து கடலில் மிதக்கும் நைலான் வலையும் ஓர் இடையூறுதான். அதில் ஆமையும் மீனும் சிக்கிச் சாகின்றன. கிழிந்த வலையைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஆவுளியா நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். எனவே உயிரோடு கண்டால் உடனே வலையை அறுத்து விடுங்கள், பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாக் விரிகுடாவில் இப்படி விடுவித்த மீனவர்களுக்கு அரசு வெகுமதி வழங்கியிருக்கிறது. ஆயினும் அது கைக்கு வரும்வரை அடுப்பு எரிய வேண்டுமே! ஜமாஅத் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்: வலையை இழந்து கடனாளியாகி நிற்கும் ஏழை மீனவர், ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோர் என்ற வகையில் அடங்குவார். பைத்துல்மாலின் கணக்கில் அவருக்கும் ஒரு பங்கை எழுதி வையுங்கள்.