ஆராய்ச்சி வினா பிறக்கும் வகை

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதுக என்று மாணாக்கரைப் பணித்தால், "எந்தத் தலைப்பில் ஐயா?" என்பதே அவர்கள் முதலிற் கேட்பது. தலைப்புக் கிடைத்துவிட்டாற் பாதி வேலை முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். பிற கட்டுரைகளுக்கு அஃது ஓரளவு பொருந்தலாம். ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பொருந்தாது. இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தேடுவோர் கண்ட கண்ட வயலையெல்லாம் தோண்டுவதில்லை. 'இல்லம்' என்று அவர்கள் வழங்கும் கற்படை எங்கே கிடக்கும் என்று முதலில் ஊகித்து, அவ்விடத்திலேயே குழி இறக்குவர். தலைப்பு வயல், வினாவே குழி இறக்கும் இடம்.

இஃது ஏதோ மேனாட்டார் அண்மையிற் கண்டு நமக்குக் கற்பித்த செய்தி அன்று. நம் தத்துவ நூலாசிரியர்கள் ஒரு பொருளை ஆராயுமிடத்து அதனை அதிகரணமாக வகுத்து, விடயம், ஐயம், பூர்வபக்கம், சித்தாந்தம், சங்கதி என ஐந்துறுப்புக் கூறினர். விடயத்தை அடுத்து ஐயத்தை வைத்தமை நோக்கற்பாலது. ஐயம் தோன்றாதவிடத்து ஆராய்ச்சிக்கு வேலையில்லை. பிறர் கொண்ட விடையைப் பூர்வபக்கமாக நிறுத்தி ஆராயாதவிடத்துத் தன் முடிபுக்கு வலிவில்லை. நம் மாணாக்கரோ விடயத்திலிருந்து சித்தாந்தத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றனர். கைப்பேசியைத் தொட்ட மாத்திரத்திற் செய்திகள் வந்து குவியும் இந்நாளில் அத்தாவல் முன்னினும் எளிதாயிற்று.

என் எழுத்துப் பயிற்சி வகுப்பில் ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இருந்தாள். 'ருவான்வெல்லையின் வரலாறு' என்பது அவள் தெரிந்தெடுத்த தலைப்பு. முதற்படியை வாசித்தேன். களனி கங்கைப் பள்ளத்தாக்கு, பழைய கோட்டை, றப்பர்ச் செய்கை, எட்டியாந்தோட்டை வரை சென்ற ஒடுங்கிய இரயிற் பாதை, 1936ஆம் ஆண்டுத் தேர்தல் என யாவும் ஒழுங்காக வந்திருந்தன. பிழை என்று சுட்டத்தக்கது அதிகமில்லை. ஆயினும் எந்தப் பத்தியை எடுத்துவிட்டாலும் கட்டுரைக்கு ஒரு குறையும் நேராது. வினா இல்லாத கட்டுரைக்கு இதுவே அடையாளம்: அதில் இன்றியமையாத பகுதி என்று ஒன்றும் இராது.

"இவ்வளவும் எழுதும்போது உன்னை எங்கேனும் தடுத்து நிறுத்தியது உண்டா?" என்று கேட்டேன்.

சிறிது தயங்கி, "ஒன்று உண்டு ஐயா. எங்கள் பாட்டியின் தாயார் அந்தக் காலத்துத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் என்று பாட்டி சொல்லுவார். ஆனால் பாட்டியும் தாத்தாவும் பல வருடம் நாடற்றவர்களாக இருந்தார்களே. ஓட்டுப் போட்டவருடைய பிள்ளை எப்படி நாடற்றவர் ஆனார்? அது கட்டுரைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்" என்றாள்.

வேண்டாம் என்று அவள் விட்டதே கட்டுரை.

இவ்வினாவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா எனின், ஆகாது. அதற்கு விடை முன்னரே உண்டு. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இருபத்தொரு வயது நிறைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. இந்திய வம்சாவளித் தொழிலாளர் தாம் இந்நாட்டில் நிலைத்து வாழ்பவர் என்று காட்டவேண்டும் என்ற வரையறைகளோடு அவ்வுரிமையைப் பெற்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலாரிடமிருந்து அதனை மீட்டுக்கொண்டன. இது பல நூல்களில் விரிவாக எழுதப்பட்டது. நூலகத்தில் அரை நாள் இருந்தால் தீர்ந்துவிடுவது தகவல் வினா. அதனை ஆராய்ச்சி வினா என்றல் கூடாது. எனினும் அவ்வரை நாளை அவள் செலவிட்டது வீண்போகவில்லை. தகவல் வினா தீர்ந்த இடத்திலேதான் அடுத்த ஐயம் முளைத்தது.

அவள் கண்டது இது. 1931இல் ருவான்வெல்லைத் தொகுதியின் உறுப்பினராய் அரசாங்க சபைக்குச் சென்றவர் மீதெனிய அதிகாரம். அவர் அவ்வாண்டிலேயே மறைய, இடைத்தேர்தலில் அவர் மகளார் அடலின் மொலமுரே வென்று, இந்நாட்டுச் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதற் பெண்மணி என்னும் பெயர் பெற்றார். கண்டிப் பிரதேசத்துப் பெருங்குடியொன்றின் கையில் இருந்த தொகுதி அது. ஐந்தே ஆண்டின் பின்னர், 1936இல், அதே தொகுதி என். எம். பெரேராவைத் தெரிந்தெடுத்தது. அவர் கட்சியாகிய லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது 1935 டிசம்பரில். தேர்தலின்போது அதற்கு வயது சில மாதங்களே. நான்கு தொகுதிகளிற் போட்டியிட்ட அக்கட்சி வென்றவை இரண்டு: அவிசாவளையில் பிலிப் குணவர்தனா, ருவான்வெல்லையில் பெரேரா. இம்மாற்றம் எதனால் நேர்ந்தது?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. 1934இன் இறுதியிலே தொடங்கி 1935இலும் நீடித்த மலேரியாக் கொள்ளைநோயில் நாடெங்கும் 80,000 பேரளவில் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கொடிய அழிவைக் கண்டன. அக்காலத்திற் களனிப் பள்ளத்தாக்குக் கிராமங்களில் மருந்தும் உணவும் கொண்டுசென்று பணிபுரிந்த இளைஞருட் பெரேரா முதன்மையானவர். அந்நன்றியே வாக்காயிற்று என்பர். இது பூர்வபக்கம். இதனை இகழ்ந்து தள்ளுவது ஆராய்ச்சியாகாது. அப்படியே ஏற்பதும் ஆகாது. நிவாரணமே காரணமாயின், நோயால் வருந்திய ஏனைய தொகுதிகள் எவ்வாறு நடந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் அக்கட்சி போட்டியிட்டவை நான்கே ஆதலின், போட்டியில்லாத தொகுதியை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. இவ்விடத்தில் மாணவி சோர்ந்துபோனாள். நான் மகிழ்ந்தேன்! எது தன் சான்றால் நிறுவத்தக்கது, எது தகாதது என்று காணத் தொடங்கியவர்க்கே இச்சோர்வு வரும்.

அடுத்து அவள் எழுதிக்கொண்டு வந்தது: "1936இல் ருவான்வெல்லையின் வெற்றியைத் தீர்மானித்தது தோட்டத் தமிழர் வாக்கா?" கேட்பதற்குச் சுவையான வினா. ஆயின் வாக்களிப்பு இரகசியமானது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது. தேர்தல் முடிவு மொத்தத் தொகையைத்தான் தரும். விடையளிக்கச் சான்றே இருக்க முடியாத வினா எத்துணை அழகியதாயினும் பயனற்றது. அன்றியும் அவ்வினாவின் உள்ளே "ஆம்" என்னும் விடை முன்கூட்டியே ஒளிந்திருந்தது. "இல்லை என்று முடிந்தால் எழுதுவாயா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

மூன்றாவது வடிவம் இவ்வாறு அமைந்தது: "1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவான்வெல்லைத் தொகுதி வேட்பாளர்கள் தோட்டத்து வாக்காளரை எவ்வாறு அணுகினர்?" முன்னையதைவிடச் சிறியது, ஆனால் இதற்குச் சான்று தேடப் போகும் இடம் தெரியும். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அக்காலப் பத்திரிகைகள் உள்ளன. 1930இல் தோன்றிய வீரகேசரியும் 1932இல் தோன்றிய தினகரனும் தமிழ் வாசகர்க்கு அத்தேர்தலை எவ்வாறு எடுத்துரைத்தன என்று காணலாம். வாக்காளர் இடாப்பு, துண்டுப்பிரசுரம், அரசாங்க சபை விவாத அறிக்கை என்பனவும் உண்டு. அதே தேர்தலில் அட்டன் தொகுதியில் வென்ற கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளரிடையே தமிழிற் பேசியும் எழுதியும் பணிபுரிந்தவர். அவர் அணுகிய முறையோடு ருவான்வெல்லையை ஒப்பிடவும் வழி உண்டு. எந்த விடை வரினும் அஃது எழுதத்தக்க விடையே.

இனி, வினாவை வாசகர்முன் வைக்கும் முறை. இதனை முன்னுரை என்கிறோம். முன்னோர் பாயிரம் என்றனர். பவணந்தியார் நன்னூலிற் சிறப்புப் பாயிரத்துக்கு ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும், அவற்றோடு காலம், களன், காரணம் என மூன்றும் வகுத்துள்ளார். பரீட்சைக்காக இவற்றை மனனஞ் செய்யும் மாணாக்கர் தம் கட்டுரைக்கு இவை உதவும் என்று எண்ணுவதேயில்லை. வழி என்பதை முன்னோர் இப்பொருள் பற்றி யாது சொல்லினர் என்றும், நுதலிய பொருள் என்பதை நான் எதை வினாவுகிறேன் என்றும், எல்லையை எதுவரை ஆராய்வேன் என்றும், பயனை விடை தெரிந்தால் யாருக்கு என்ன என்றும் கொண்டு பாருங்கள். ஒரு நல்ல முன்னுரை அங்கே முழுவதும் இருக்கிறது.

ஜோன் சுவேல்ஸ் என்னும் அறிஞர் 1990இல் வெளியிட்ட நூலில், ஆராய்ச்சிக் கட்டுரைகளின் முன்னுரை மூன்று அசைவுகளாக நடப்பதைக் காட்டினார். முதலில் களத்தை நிறுவுதல். பின் அக்களத்திற் பிறர் நிரப்பாத வெற்றிடத்தைக் காட்டுதல். பின் அவ்விடத்தைத் தான் நிரப்ப வருவதாகக் கூறுதல். நம் பாயிரத்தில் வழி, காரணம், நுதலிய பொருள் என்று நிற்பவற்றோடு இவற்றை வைத்து நோக்கின் நெருங்கிய உறவு புலனாகும். வேறுபாடும் உண்டு. பாயிரம் பெரும்பாலும் பிறர் செய்வது. கட்டுரை முன்னுரை தானே செய்வது. ஆகவே அடக்கம் கூடுதலாக வேண்டும்.

மாணாக்கர் முன்னுரையிற் செய்யும் பெரும்பிழை மிகத் தொலைவிலிருந்து தொடங்குவது. தேர்தலைப் பற்றி எழுதப் புகுந்தவர் கிரேக்க நாட்டு மக்களாட்சியில் தொடங்கி ருவான்வெல்லைக்கு வந்து சேர்வதற்குள் வாசகர் உறங்கிவிடுவார். நம் மாணவியும் முதலில் அவ்வாறே ஏதென்சு நகருக்குச் சென்று திரும்பினாள். திருத்திய முன்னுரை இது:

"1931இல் ருவான்வெல்லை வாக்காளர் பழைய தலைமைக் குடும்பத்தையே தெரிந்தனர்; 1936இல் இடதுசாரி ஒருவரைத் தெரிந்தனர். மலேரியாக் கால நிவாரணப் பணியை இம்மாற்றத்துக்குக் காரணமாகக் கூறுவர். அக்கூற்றுக் கிராமத்து வாக்காளரை மனத்திற் கொண்டது. அதே தொகுதியின் தோட்டங்களிலும் வாக்காளர் இருந்தனர். அவர்களை வேட்பாளர்கள் எவ்வாறு அணுகினர் என்பதை அக்காலப் பத்திரிகைகளையும் பிரசுரங்களையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், ஒரு காலத்தில் வாக்காளராக மதிக்கப்பட்டனரா என்பது அதனால் விளங்கும்."

ஆறே வாக்கியம். ஈற்று வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பயன் எங்கே என்று மட்டும் கேட்டேன். தோட்டத்து மக்கள் நெடுங்காலம் பிறர் வினாக்களுக்கு விடையாகவே இருந்து வந்தனர். ஆணைக்குழுக்கள் அவர்களை எண்ணின. அதிகாரிகள் வதிவிடச் சான்று எங்கே என்று கேட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு அரசுகள் அவர்களைத் தொகையாகப் பகுத்துக்கொண்டன. அம்மக்களின் பேர்த்தி ஒருத்தி தானே வினாவி எழுதும்போது, பயன் என்னும் உறுப்பை ஆசிரியர் நிரப்பிக் கொடுப்பது முறையன்று என்று கருதினேன்.

தவணை விடுமுறையில் வீடு சென்றவள் பாட்டியிடம் தன் வினாவையே கேட்டிருக்கிறாள். வேட்பாளர் பெயரெல்லாம் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் தம் தாயார் சொன்னதாக ஒன்று நினைவிலிருந்தது: கூட்டம் நடந்தது கடைவீதியிலாம், தோட்டத்துக்குள் பேச வருவோரைத் துரை விடுவதில்லையாம். திரும்பி வந்த மாணவி குறிப்பேட்டை விரித்து, "எவ்வாறு அணுகினர்" என்பதற்கு முன்னே "தோட்ட எல்லைக்குள் நுழைய அனுமதி பெற்றனரா" என்று சேர்த்து எழுதியிருந்ததைக் காட்டினாள். வாய்மொழி நினைவு ஒன்றே போதாது, அனுமதி மறுத்தமைக்கு எழுத்துச் சான்று வேண்டுமே என்று நான் தொடங்குமுன், கொழும்புக்குச் செல்லும் நாளையும் பார்க்கவேண்டிய பத்திரிகைகளின் பட்டியலையும் அடுத்த பக்கத்திற் காட்டினாள்.