பாடாத சிடி சேஞ்சரும் தளர்ந்த பெல்ட்டும்

ஒன்றுக்கு மேற்பட்ட குறுந்தகடுகளை ஒரே நேரத்தில் உள்ளே வாங்கிக்கொண்டு, கேட்பவர் எழுந்து வராமலே ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும் கருவிக்கு ‘சிடி சேஞ்சர்’ என்பது கடைவீதியில் நிலைத்துவிட்ட பெயர். 1982 அக்டோபரில் சோனி நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த சிடிபி-101 ஒரே ஒரு தகட்டைத்தான் ஏற்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே பல தகடுகளை ஏற்கும் கருவிகள் இரு வடிவங்களில் வந்துவிட்டன. ஆறோ பத்தோ தகடுகளை அடுக்கிய சிறு பெட்டியை அப்படியே செருகும் வடிவம் காருக்குப் பொருந்தியது. மூன்றோ ஐந்தோ தகடுகளை வட்டத் தட்டில் பரப்பி, அந்தத் தட்டையே சுழற்றி வேண்டியதைப் பாடும் இடத்துக்குக் கொண்டுவரும் வடிவம் வீட்டுக் கூடத்தில் இடம்பிடித்தது. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த, இரட்டைக் கேசட்டும் மூன்று சிடியும் கொண்ட மினி சிஸ்டங்கள் பலவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பரண்களில் தூசி படிந்து கிடப்பவற்றுள் கணிசமானவை இன்னும் பாடக்கூடியவையே.

இத்தகைய கருவி ‘நோ டிஸ்க்’ என்று காட்டத் தொடங்கியதும் ‘லென்ஸ் போய்விட்டது’ என்ற தீர்ப்பு எளிதாக வந்துவிடுகிறது. தகட்டைப் படிக்கும் லேசர் பகுதியும் காலப்போக்கில் நலிவது உண்மைதான் என்றாலும், சேஞ்சர் வகைக் கருவியில் அந்த லேசர் ஒளிர்வதற்கு முன்பே பல இயந்திர வேலைகள் முழுமையாக நடந்து முடிய வேண்டியிருப்பதாலும், அந்த வேலைகள் எல்லாம் சில ரூபாய் பெறுமான ரப்பர் பெல்ட்டையும் ஒரு துளி கிரீஸையும் நம்பியிருப்பதாலும், பழுது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மின்னணுச் சில்லுகள் முப்பது ஆண்டுகள் தாங்கும். ரப்பரோ கருவி ஓடினாலும் ஓடாமல் கிடந்தாலும் முதிர்ந்துகொண்டே போகும். எனவே எதையும் வாங்குவதற்கு முன், கருவி தன் வேலை வரிசையில் எந்தப் படியில் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதே பழுதுபார்த்தலில் பாதி.

அந்த வரிசையை அறியக் குறுந்தகட்டைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகட்டில், ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளந்தெடுக்கப்பட்ட எண்களாக, நுண்ணிய பள்ளங்களின் வடிவில் ஒற்றைச் சுருள்பாதையாகப் பதிந்திருக்கிறது. பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல். பழைய கிராமபோன் தட்டுக்கு நேர்மாறாக இந்தப் பாதை உள்ளிருந்து வெளியே செல்கிறது. பாதையைக் கடக்கும் வேகம் ஒரே சீராக இருக்கவேண்டும் என்பதால், தகடு தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றும், விளிம்பை நெருங்கும்போது 200 சுற்றுமாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. பாட்டு எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது ஏன் ஒரு துப்பு என்பதை இந்த இரண்டு செய்திகளும் பின்னர் விளக்கும்.

இழுப்பறைத் தட்டு மூடியதும், முதலில் வட்டத் தட்டு சுழல்கிறது. எந்த எண்ணுள்ள குழி முன்னே வந்திருக்கிறது என்பதைப் பல கருவிகளில் ஒளி உணரி ஒன்று கண்டறிகிறது. எதிரெதிரே அமைந்த சிறு விளக்கும் ஒளி வாங்கியும் கொண்ட அந்த உணரி, தட்டில் உள்ள வெட்டுகளை எண்ணுகிறது. பிறகு லேசரும் சுழல் மோட்டாரும் பொருத்தப்பட்ட மேடை கீழிருந்து உயர்ந்து, தகட்டைக் குழியிலிருந்து தூக்கி, மேலே காந்தத்துடன் காத்திருக்கும் பிடிவட்டோடு சேர்த்து இறுக்குகிறது. லேசர் உள்விளிம்புக்கு நகர்கிறது, ஒளிர்கிறது, லென்ஸ் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடுகிறது. குவியம் கிடைத்தால்தான் தகடு முழுவேகத்தில் சுழலும். சுழன்ற பின்பே, மொத்தம் எத்தனை பாடல்கள், எவ்வளவு நேரம் என்ற அட்டவணையைத் தகட்டின் உள்விளிம்பிலிருந்து படித்துத் திரையில் காட்டும். இவற்றுள் எது தவறினாலும் திரையில் தோன்றுவது அதே ‘நோ டிஸ்க்’தான் என்பது உரிமையாளரின் துரதிர்ஷ்டம்.

மேல்மூடியைக் கழற்றாமல் இந்த வரிசையைக் காண இயலாது. கழற்றும்போது 230 வோல்ட் மின்சாரம் நுழையும் டிரான்ஸ்ஃபார்மர் பகுதி திறந்துவிடுகிறது. ஆகவே கை உள்ளே செல்லும் ஒவ்வொரு முறையும், சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்கிவிட்டு, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். மின்சாரம் பாயும்போது செய்யக்கூடியது பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே. லேசர் கதிர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி என்பதால் அதன் வலிமை கண்ணுக்குத் தெரியாது, பக்கவாட்டில் மங்கிய சிவப்புப் புள்ளியாக மட்டுமே தோன்றும். லென்ஸுக்கு நேர்மேலே கண்ணை வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. கழற்றிய திருகாணிகளை எந்த இடத்திலிருந்து எடுத்தோமோ அந்த வரிசையில் இட்லித் தட்டின் குழிகளில் போட்டுவைப்பதும், ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் பிற்பாடு ஏற்படும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

வரிசையில் மிக அடிக்கடி தவறும் படி மேடை உயர்வதுதான். இழுப்பறையைத் தள்ளுவதையும் மேடையை உயர்த்துவதையும் பல கருவிகளில் ஒரே சிறு மோட்டார் செய்கிறது. அதன் கப்பியிலிருந்து பற்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்வது, குறுக்குவெட்டில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் சதுரவெட்டு ரப்பர் பெல்ட். புதிதாக இருக்கும்போது கப்பியை இறுகப் பற்றும் இந்தப் பெல்ட், ஆண்டுகள் செல்லச் செல்ல நீண்டு, மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, கப்பியின்மேல் வழுக்குகிறது. எடையில்லாத இழுப்பறையை இழுக்கும் அளவுக்கு அதில் பிடி மிஞ்சியிருக்கும் என்பதால் பார்ப்பவர் ‘மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எண்ணுவார். மேடையைக் கடைசி இரண்டு மில்லிமீட்டர் உயர்த்த வேண்டிய கட்டத்தில்தான் அது தோற்கும். மேடை முழுமையாக உயரவில்லை என்றால் தகடு பிடிவட்டோடு இறுகாது. இறுகாத தகட்டை லேசர் எவ்வளவு தேடினாலும் குவியம் கிடைக்காது. லென்ஸின் மேல் பழி விழுவது இப்படித்தான்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கிய நிலையில், பெல்ட் சுற்றியிருக்கும் பெரிய கப்பியை விரலால் மெதுவாகச் சுற்றினால், பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளி மேடை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உயர்வதும், தகடு குழியைவிட்டு எழும்புவதும், காந்தம் ‘டக்’ என்று பற்றுவதும் தெளிவாகத் தெரியும். கையால் சுற்றும்போது அந்த ஓசை வந்து, மின்சாரத்தில் வராமல் போனால் குற்றவாளி பெல்ட்டே என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். கையாலும் சுற்ற முடியாதபடி இறுகியிருந்தால் கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கிறது என்று பொருள். உள்ளே சிக்கிக்கொண்ட தகட்டை வெளியே எடுப்பதற்கும் இதே கப்பியை எதிர்த்திசையில் சுற்றுவதே வழி. இழுப்பறையைப் பிடித்து இழுத்தால் முறிவது பற்சக்கரத்தின் பல்.

புதுப் பெல்ட் வாங்கப் பழையதை மாதிரியாகக் கொண்டுசெல்வது வழக்கம் என்றாலும், பழையது நீண்டுபோனது என்பதை நினைவில் வைத்து, அதன் சுற்றளவைவிட ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிறியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: தட்டையாக மடித்து வைத்தால் 11 சென்டிமீட்டர் நீளம் வரும் பெல்ட்டின் சுற்றளவு 22 சென்டிமீட்டர், எனவே கேட்க வேண்டியது 21. மிகச் சிறியதை மாட்டினால் மோட்டாரின் அச்சு ஒரு பக்கமாக இழுபட்டு விரைவில் தேயும். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் விற்கும் சிறுகடைகளில் இவை அளவு வாரியாகக் கிடைக்கின்றன. பழையதைக் கொதிநீரில் சில நிமிடங்கள் போட்டெடுத்தால் சற்றுச் சுருங்கும் என்பது மெய்யே. சோதித்துப் பார்க்க அது உதவும், நிலைக்காது. பணத்தைச் சுற்றும் ரப்பர் பேண்டை மாட்டிவைப்பது சில மாதங்களில் உருகி ஒட்டிக்கொண்டு, முன்பு இல்லாத இன்னொரு வேலையை உண்டாக்கும். மாட்டுவதற்கு முன் கப்பியின் பள்ளத்தில் படிந்த பழைய ரப்பர்த் தூளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பட்ஸால் துடைத்துவிட வேண்டும்.

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு. எண்ணெய் பிரிந்து போய்விட்டால் மிஞ்சும் சோப்பு பிசினாக இறுகுகிறது. அதன்மேல் புதியதைத் தடவுவதால் பயனில்லை. பழையதை முற்றாகத் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத வெள்ளை கிரீஸை அரிசி அளவு மட்டும் இடவேண்டும். தையல் இயந்திர எண்ணெய் வழிந்தோடி பெல்ட்டில் படிந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். துடைப்பதற்காகப் பற்சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால், சக்கரங்களில் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டிய அம்புக்குறியோ சிறு துளையோ உள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் மார்க்கரால் குறியிட்டுக்கொள்வது கட்டாயம். ஒரு பல் தவறிப் பொருத்தினாலும் இழுப்பறை வெளியே இருக்கும்போதே மேடை உயர முயலும்.

மேடை உயர்ந்து தகடும் இறுகிய பின் பாட்டு வராவிட்டால்தான் லென்ஸின் முறை. தகட்டின் பரப்பில் விழும் தூசியும் சிறு கீறலும் பெரிதாகத் தொல்லை தருவதில்லை, ஏனெனில் அந்த இடத்தில் ஒளிக்கற்றை ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலமாக விரிந்திருக்கிறது. உள்ளே பள்ளங்களை அடையும்போதுதான் ஊசிமுனையாகக் குவிகிறது. விடுபடும் எண்களை மீட்டெடுக்க, 1960இல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் வகுத்த கணித முறையும் துணைநிற்க, 2.5 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைக்கூடக் கருவி காதுக்குத் தெரியாமல் நிரப்பிவிடும். லென்ஸில் படியும் படலம் அப்படிப்பட்டதன்று. தாளிக்கும் புகையும் சாம்பிராணிப் புகையும் அதில் மெல்லிய பிசுபிசுப்பாகப் படிந்து, போகும் ஒளியையும் திரும்பும் ஒளியையும் ஒருசேரக் குறைக்கின்றன. கடைகளில் விற்கும் தூரிகை பொருத்திய சுத்தப்படுத்தும் தகடு தூசியைத் தள்ளும், பிசுபிசுப்பை எடுக்காது. ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்த பட்ஸை லென்ஸின் மேல், அது தொங்கும் மெல்லிய கம்பிகள் வளையாத அளவு மென்மையாக, ஓரிரு முறை சுற்றுவதே போதும். பிளாஸ்டிக் லென்ஸ் என்பதால் நெயில் பாலிஷ் நீக்கியோ தின்னரோ பட்டால் நிரந்தரமாக மங்கிவிடும்.

தடுமாற்றம் எங்கே நிகழ்கிறது என்ற துப்பு இங்கே உதவுகிறது. முதல் சில பாடல்கள் நன்றாக ஒலித்து, கடைசிப் பாடல்கள் மட்டும் துள்ளினால், லேசரை வெளிநோக்கி நகர்த்தும் எஃகுத் தண்டில் பிசின் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது தகும்; தொடக்கத்திலேயே திணறினால், 500 சுற்று வேகத்தை எட்ட முடியாமல் சுழல் மோட்டார் தேய்ந்திருக்கக் கூடும். சோதனைக்கு எப்போதும் கடையில் வாங்கிய அச்சடித்த தகட்டையே பயன்படுத்த வேண்டும். கணினியில் எழுதிய தகடு ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவது என்பதால் சற்றே நலிந்த லேசர் அதைப் படிக்காது. இன்னொன்று: எம்பி3 பாடல்கள் நிறைந்த தகட்டைப் பழைய கருவியில் போட்டுவிட்டு, அது பாடவில்லை என்பதற்காகப் பழுதுபார்க்க உட்காருபவர்களும் உண்டு.

லேசர் உண்மையிலேயே நலிந்துவிட்டால், அதன் பக்கத்தில் உள்ள மிகச்சிறிய திருகைத் திருப்பி மின்னோட்டத்தைக் கூட்டச் சொல்லும் அறிவுரை ஒன்று உலவுகிறது. அது சில வாரங்கள் பாட வைத்துவிட்டு லேசரை அடியோடு முடித்துவிடும். முழு லேசர் பகுதியையும் மாற்றுவதே முறை. சோனியின் கேஎஸ்எஸ்-213 வரிசை போன்றவை பல நிறுவனக் கருவிகளிலும் பொருத்தப்பட்டதால் மாற்றுப் பகுதி கிடைப்பது கடினமன்று. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் லேசரைக் கொன்றுவிடும் என்பதற்காகப் புதிய பகுதியில் இரு முனைகளை ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்தே அனுப்புவார்கள். பட்டை ஒயரைச் செருகிய பிறகு அந்தச் சொட்டைச் சால்டரிங் இரும்பால் அகற்றாமல் விட்டால் லேசர் ஒளிராது. புதியதைப் பொருத்தியும் ‘நோ டிஸ்க்’ மாறவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவரப்படுபவற்றில் இந்தச் சொட்டு அப்படியே இருப்பதும் உண்டு.

மூடியைத் திருகுவதற்கு முன் ஐந்து குழிகளிலும் தகடு வைத்து, முதலிலிருந்து ஐந்துக்கும் ஐந்திலிருந்து முதலுக்கும் மாற்றிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் காந்தத்தின் அந்த ஓசை வருகிறதா என்று கேட்க வேண்டும். வேறிடத்துக்குக் கொண்டுசெல்வதற்காக அடிப்பக்கத்தில் பூட்டுத் திருகுகள் உள்ள கருவியானால் அவை தளர்த்தப்பட்டுள்ளனவா என்பதையும் பார்த்துவிட்டு, மூடியின் உட்புறத்தில் பெல்ட்டின் சுற்றளவையும் மாற்றிய தேதியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவைத்தால், சில ஆண்டுகள் கழித்து அதைத் திறப்பவர் அளந்து பார்க்கும் வேலை மிச்சம்.